வெண்டிக்காய்க்கு வாயில்லை

அக்காவுக்கு உலகம் இரண்டே பிரிவு. வாய் பட்டது, வாய் படாதது. சாதி, சமயம், ஊர், நோர்வேஜியர், தமிழர் என்று மற்றவர்கள் அடுக்கி வைத்திருந்த பிரிவுகளையெல்லாம் அவர் ஒரு கையால் தள்ளிவிடுவார். “அதெல்லாம் உங்கட உங்கட பிரச்சினை. இந்தக் கோப்பையிலை ஆர் வாய் வைச்சது? அதை முதல் சொல்லுங்கோ” என்பார்.

ஒஸ்லோவின் ஹொல்ம்லியாப் பகுதியில் எங்கள் அடுக்குமாடியில் எனக்கு நேர் மேல்வீடு அவருடையது. இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, அந்தக் காலம். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது விரலை நாக்கில் தொட்டு அந்தப் பக்கத்தைப் புரட்டுவார்கள். அவருக்கு அது பிடிக்காது.

எங்கள் ஆட்களின் பிறந்தநாள் விழா எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மண்டபம் பிடித்து, பலூன் கட்டி, பாதி ஒஸ்லோவைக் கூப்பிட்டு, கடைசியில் பிள்ளை தூங்கி விழுகிற நேரத்தில் கேக்கைக் கொண்டுவருவார்கள். மெழுகுதிரி ஊதும்போது அக்கா கண்களை இறுக மூடிக்கொள்வார். ஏதோ பிள்ளைக்காக வேண்டிக்கொள்கிறார் என்று புதியவர்கள் நினைப்பார்கள். அவருக்குப் பார்க்கச் சகிக்காது, அவ்வளவுதான்.

என் மகனின் பிறந்தநாள் ஒன்றில் அவனுக்கு முன்பற்கள் விழுந்திருந்தன. ஒரு மூச்சில் திரி அணையவில்லை. விட்டுவிட்டு ஊதினான். சபை கைதட்டியது. அக்கா மட்டும் மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

“பிள்ளை, அது ஊதுறதில்லை. அது துப்புறது.”

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. மெழுகுதிரி குத்துவதற்கு முன்பே ஒரு துண்டை வெட்டி, மூடி, அக்காவுக்கு எடுத்துவைத்துவிடுவோம். அந்த வருடங்களின் படங்கள் எல்லாவற்றிலும் கேக்கில் ஒரு பல் விழுந்தமாதிரி ஓர் இடைவெளி இருக்கும். ஊரில் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். “ஆர் அந்தப் பொறுமையில்லாத ஆள்?”

எச்சில் கையால் காகம் விரட்டமாட்டான் என்று கஞ்சப்பயல்களைச் சொல்வார்கள். அக்கா கஞ்சர் இல்லை. அள்ளிக் கொடுக்கிற கை. ஆனால் காகம் வந்தால் முதலில் கைகழுவப் போவார்.

இவ்வளவுக்கும் இந்த மனுசி சுத்தக்காரி என்று நினைத்துவிடவேண்டாம். ஹொல்ம்லியாவுக்கு வருவதற்கு முன் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். முழங்கைவரை மீன் குடலுக்குள் நின்றவர். இரத்தம், செதில், ஈரல் எதற்கும் முகம் சுளித்ததில்லையாம். ஆனால் தேநீர் இடைவேளையில் தன் சொந்தக் கோப்பையை மேலங்கிப் பையிலிருந்து எடுப்பாராம். எல்லோருக்கும் பொதுவான கோப்பைகள் தட்டில் கழுவிக் கவிழ்த்திருக்கும். அவற்றைத் தொடமாட்டார்.

“மீன் குடல் ஊத்தை. ஊத்தை கழுவினாப் போகும்” என்று எனக்கு விளக்கினார். “எச்சில் கழுவினாலும் போகாது.”

“ஏனக்கா போகாது?”

“போகாது.”

அதற்குமேல் அவரிடம் விளக்கம் கிடையாது. சமைக்கும்போதும் அப்படித்தான். கறியை நாக்கில் வைத்து உப்புப் பார்க்கமாட்டார். சாமிக்குப் படைக்கிற சோறு என்றால் சரி, இவர் வெள்ளிக்கிழமை, செவ்வாய்க்கிழமை, ஆட்டிறைச்சி என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அப்படித்தான் சமைத்தார். “மணந்தாலே எனக்குத் தெரியும்” என்பார். அவருக்குத் தெரியாது. உப்பு எப்போதும் ஒரு பிடி கூட. நாங்கள் சோற்றைக் கூடப் போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, “அருமை அக்கா” என்று சொல்லி, வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தோம்.

இது எங்கிருந்து வந்த வியாதி என்று எங்கள் ஆட்களிடம் ஆளுக்கொரு கதை இருந்தது. அகதி முகாமில் நூறு பேருக்கு ஒரு குவளை இருந்ததாம், அதுதான் காரணம் என்றார் ஒருவர். கொழும்பில் லொட்ஜில் அடைந்து கிடந்தபோது ஏதோ நோய் வந்ததாம் என்றார் இன்னொருவர். எங்கள் சனத்துக்கு எதற்கும் ஒரு யுத்தம் வேண்டும். நான் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

“காரணமோ?” என்றார். “அருவருப்புக்கு என்னடி காரணம். உனக்குக் கரப்பொத்தானைக் கண்டா அருவருப்பு. உன்னட்டை நான் காரணம் கேட்டனானே?”

அக்காவின் உண்மையான கவலை வேறு. அவர் பாலர் பாடசாலைகளில் மாற்றாளாக வேலை செய்தார். அதாவது, அங்கே யாருக்காவது காய்ச்சல் வந்தால் இவருக்கு வேலை. காலையில் தொலைபேசி அடிக்கும். அடிக்காவிட்டால் அன்று வேலையில்லை. அதனால் விடியவே குளித்து, உடுத்து, பனிக்காலச் சப்பாத்தும் மேலங்கியும் போட்டு, தொலைபேசிக்குப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்திருப்பார். நான் என் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பி வந்து சிலநாள் எட்டிப்பார்த்தால், மேலங்கியோடு தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

“அடிக்கேல்லையோ அக்கா?”

“இன்னும் அடிக்கேல்லை.”

மணி பத்தாகியிருக்கும். பத்துமணிக்கு மேல் எந்தப் பாலர் பாடசாலையும் ஆள் தேடாது. அது அவருக்கும் தெரியும். மேலங்கியைக் கழற்றினால் அந்த நாள் தோற்றதாகிவிடும் என்பதால் கழற்றாமல் இருந்தார். இப்படிப் பல வருடம். எனக்கு அவரைப் பகிடி பண்ணப் பிடிக்கும், ஆனால் மேலங்கியோடு தேநீர் குடிக்கிற அந்தக் கோலத்தைக் கண்டால் வாய் வராது.

பிள்ளைகளின் வாய்நீரும் மூக்குச்சளியும் அங்கே ஆறாக ஓடுமே, அதை என்ன செய்வார் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். “மூக்கு வேறை, வாய் வேறை” என்றார். சளி துடைப்பதில் அவருக்கு மனத்தடை இல்லை. வாய்க்குத்தான் சட்டம். அவர் நின்ற பிரிவில் எந்தப் பிள்ளையும் மற்றப் பிள்ளையின் கோப்பையில் குடித்ததில்லை. மூன்று வயது நோர்வேஜியக் குழந்தைகள் அண்ணாந்து, வாய்படாமல் தண்ணீர் குடிக்கப் பழகியிருந்தன. பாதித் தண்ணீர் சட்டைக்குள் போனது. பெற்றோர் அதை ஏதோ கிழக்கத்திய உடற்பயிற்சி என்று நினைத்துச் சந்தோசப்பட்டார்கள்.

ஒரு பாலர் பாடசாலையின் தலைவிக்கு இவரை நன்றாகப் பிடித்துவிட்டது. அங்கே நிரந்தர வேலை ஒன்று காலியாகப் போகிறது, உனக்குத் தரலாம் என்று சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை. கோடையில் பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டிப்போகிறவர்களுக்கு நீந்தத் தெரிந்திருக்கவேண்டும். இருநூறு மீட்டர் நீந்தி, ஆழமான பக்கத்தில் அடியில் கிடக்கும் ரப்பர் பொம்மை ஒன்றை முங்கி எடுத்துக்காட்டி, தேறினேன் என்று கையெழுத்து வாங்கி வரவேண்டும்.

அக்கா தீவுக்காரி. நாலு பக்கமும் கடல். நீந்தத் தெரியாது. எங்களில் பெண்பிள்ளைகளைக் கடலுக்குள் யார் விட்டார்கள்? கால் நனைத்துவிட்டு வந்தாலே பேச்சு விழும்.

அந்தக் காலத்தில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் சிறிய நீச்சல் குளத்தை ஞாயிறு பின்னேரங்களில் பெண்களுக்கென்று ஒதுக்கி, வகுப்பு நடந்தது. அக்கா போய்ப் பதிந்தார். தனியாகப் போகப் பயந்து என்னையும் பதிந்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை.

பயிற்சி தந்தவள் இங்கெர் என்ற நோர்வேஜியப் பெண். ஆறடி உயரம், தோள் மட்டும் இரண்டடி. முதல் நாள் அவள் சொன்ன முதல் விதி, தண்ணீரில் இறங்குமுன் உடுப்பு முழுவதையும் கழற்றி சவுக்காரம் போட்டுக் குளிக்கவேண்டும் என்பது. பொதுக் குளிப்பறை. நடுவில் மறைப்பு இல்லை. வகுப்பிலிருந்த தமிழ்ப் பெண்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி, துவாயைப் பல்லில் கடித்துக்கொண்டு, உள்பாவாடைக்கு மேலே சவுக்காரம் தேய்த்தோம். அக்கா எல்லாவற்றையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பிறந்தமேனியாக நடுவில் நின்று எங்களுக்குப் பிரசங்கம் செய்தார்.

“என்னத்தை ஒளிக்கிறியள்? எல்லாருக்கும் உள்ளதுதானே? உடம்பு உடம்புதான். துவாயைப் பல்லாலை கடிக்கிறியளே, அதுதான் எனக்கு வயித்தைப் பிரட்டுது.”

அவருக்குத் தண்ணீர்ப் பயமும் பெரிதாக இருக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை, கண் தெரியவேண்டும். அடியிலிருந்த கறுப்புக் கோடும் கரையும் தெரிந்தால் மனுசி தவளைபோல் போவார். குளோரின் தண்ணீர் கண்ணில் பட்டாலோ கண் தேனீ கொட்டியதுபோல் வீங்கிவிடும். ஆகவே நீச்சல் கண்ணாடி கட்டாயம். கண்ணாடி போட்டால், ஒரு நீளம் போவதற்குள் உள்ளே பனிப்புகார் படிந்துவிடும். கோடு மறைந்ததும் அக்கா நடுக்குளத்தில் நின்று, கையால் காற்றைத் துழாவி, “லைற்றை நூத்துப்போட்டினமோ?” என்பார்.

இங்கெர் பார்த்துவிட்டு வந்தாள். “துப்பு” என்றாள் நோர்வேஜிய மொழியில். கண்ணாடியின் உள்பக்கத்தில் துப்பி, விரலால் ஒரு தடவை தடவி, தண்ணீரில் ஒரு தடவை அலசிப் போட்டால் புகார் பிடிக்காது. உலகத்தில் நீந்துகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். செய்தும் காட்டினாள்.

அக்கா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு கரையேறிவிட்டார்.

“அவ சொன்னது விளங்கினதோ அக்கா?” என்றேன்.

“வடிவா விளங்கினது. அதுதானே பிரச்சினை.”

“உங்கட துப்பல்தானே. உங்கட கண்ணுக்குத்தானே.”

“வாய்க்குள்ளை இருக்குமட்டும் அது என்ரை. வெளியாலை வந்தா எச்சில். நீ துப்பிப்போட்டுத் திருப்பி விழுங்குவியோ?”

  யோசித்துப் பாருங்கள், இதற்குப் பதில் உங்களிடமும் இராது.

வகுப்பில் சென்னையிலிருந்து வந்த ஒரு கணினிக்காரப் பெண்ணும் இருந்தாள். நல்ல பிள்ளை. “ஆன்ட்டி, ஜஸ்ட் துப்பிடுங்க, ஒண்ணும் ஆகாது. எங்க ஸ்விம்மிங் கோச்சே அப்படித்தான் சொல்வார்” என்றாள். அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். துப்பச் சொன்னதைவிட ஆன்ட்டி என்றது கூடக் கோபம் என்று எனக்குப் பட்டது. பிறகு அந்தப் பிள்ளை போனபின், “நல்ல தமிழ், ஆனா பாதி இங்கிலீசு. அதுவும் ஒரு எச்சில்தான்” என்றார்.

அடுத்த மாதங்களில் அக்கா செய்த ஆராய்ச்சிகளை வேறு யாராவது செய்திருந்தால் பல்கலைக்கழகத்தில் கதிரை கொடுத்திருப்பார்கள். முதலில் பாத்திரம் கழுவுகிற திரவம். புகார் பிடிக்கவில்லை, கண் வீங்கி ஒருநாள் முழுக்க வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடியோடு திரிந்தார். குழந்தைகளின் ஷாம்புவுக்கும் அதே கண், அதே வீக்கம். விளையாட்டுக் கடையில் விற்கிற தெளிப்பானுக்கு இன்னும் வீக்கம். பற்பசை கண்ணாடியைக் கீறிவிட்டது. அரை உருளைக்கிழங்கைத் தேய்த்தார்; மாப்போல் வெள்ளை படிந்தது. ஒருநாள் விபூதியை நீரில் குழைத்துப் பூசிக்கொண்டு வந்தார். அன்று குளத்தின் நடுவில் சாம்பல் கண்ணீர் வடித்துக்கொண்டு அவர் நின்ற கோலத்தைப் பார்த்து இங்கெர் முதலுதவிப் பெட்டியை எடுக்க ஓடினாள். ஊறவைத்த வெந்தயத்தின் வழுவழுப்பு ஓரளவு வேலை செய்தது. ஆனால் குளம் முழுக்க ரசம் வாசம். யாருக்கோ பசியெடுத்துவிட்டது என்று வகுப்பை நேரத்தோடு முடித்தார்கள்.

நான் அவரைத் திருத்தப் பார்த்தேன். எங்கள் ஆட்களைத் திருத்தப் புராணத்தைத்தான் எடுக்கவேண்டும்.

“அக்கா, சிவபெருமானுக்கே ஒரு வேடன் வாய்க்குள்ளை தண்ணி கொண்டுவந்து தலையிலை கொப்பிளிச்சவன். கடிச்சுப் பாத்த இறைச்சியையும் படைச்சவன். சாமி சந்தோசமா வாங்கினதுதானே?”

“வாங்கினது. பிறகு என்ன நடந்தது?”

நான் யோசித்தேன்.

“சிவனுக்குக் கண்ணிலை ரத்தம் வந்தது” என்றார் அக்கா. “கோயில்லை நித்திரை கொள்ளாமல் முழுக்கதையையும் கேள்.”

மல்லாந்து படுத்துத் துப்பினதுபோல் ஆகிவிட்டது எனக்கு. இன்னொரு வழி பார்த்தேன். அவர் நீந்துகிற அந்தத் தண்ணீரில் எத்தனை பேர் துப்பியிருப்பார்கள், குழந்தைகள் என்னவெல்லாம் விட்டிருக்கும் என்று விவரித்தேன். அவர் அசையவில்லை. “ஆறு, குளம், கடல் ஒண்டுக்கும் எச்சில் இல்லை. நிண்ட தண்ணிக்குத்தான் எச்சில். இது ஓடித் திரும்பி வருகுது, மோட்டர் சத்தம் உனக்குக் கேக்கேல்லையோ?” சட்டப் புத்தகம் முழுவதும் அவர் மண்டைக்குள்தான் இருந்தது. எந்த வழக்கைக் கொண்டுபோனாலும் அதற்கொரு பிரிவு வைத்திருந்தார்.

கடைசியில் வெண்டிக்காய் வென்றது. நறுக்கிய வெண்டிக்காயை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தால் ஒரு வழுவழுத்த நீர் வரும் அல்லவா, அதை வடித்து ஒரு போத்தலில் கொண்டுவந்தார். கண்ணாடிக்குள் இரண்டு சொட்டு விட்டு, ஒரு தடவு தடவி, அலசிப் போட்டார். போனார், வந்தார், திரும்பப் போனார். புகார் இல்லை, கண் வீங்கவும் இல்லை. கரையில் கைவைத்து, கண்ணாடியைக் கழற்றாமலே எங்களைப் பார்த்துச் சிரித்தார். அது வேலை செய்துவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

“அக்கா, இது பாக்கத் துப்பல் மாதிரித்தான் இருக்குது. நூல் நூலா வருது. வெண்டிக்காயின்ரை துப்பல்.”

“வெண்டிக்காய்க்கு வாயில்லை” என்றார். வழக்கு தள்ளுபடி.

தேர்வு நாளும் ஒரு ஞாயிறுதான். பாலர் பாடசாலைத் தலைவி அந்த வாரத்துக்குள் ஆளை முடிவு செய்யவேண்டும் என்று சொல்லியிருந்தாள். இன்னொருத்தி ஏற்கனவே தேறிய கையெழுத்தோடு வரிசையில் நின்றாள். அன்று காலை அக்கா என் கதவைத் தட்டினார். கையில் போத்தல். அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மட்டும் வழுவழுப்பு கிடந்தது.

“குடிச்சிட்டுது மனுசன்” என்றார்.

அக்காவின் கணவருக்குச் சலரோகம். வெண்டிக்காய் ஊறவைத்த தண்ணீரைக் காலையில் வெறுவயிற்றில் குடித்தால் சீனி குறையும் என்பது எங்கள் சனத்தின் வைத்தியம். குளிர்ப்பெட்டியைத் திறந்திருக்கிறார், கண்டிருக்கிறார், மனைவி தனக்காக இரவிரவாக ஊறவைத்திருக்கிறாள் என்று கண்கலங்கியிருக்கிறார். “இப்பத்தான் என்ரை உடம்பிலை உனக்கு அக்கறை வந்திருக்குது” என்று சொன்னாராம். அந்த மனுசனைத் திட்டவும் ஏலாமல் போச்சு என்றார் அக்கா.

“மிச்சம் கொஞ்சம் கிடக்குது தானே அக்கா. ரெண்டு சொட்டுக் காணுமே?”

“வாய் வைச்சுக் குடிச்சிருக்குது” என்றார். போத்தலின் வாயை எனக்குக் காட்டினார். “அண்ணாந்து குடிக்கத் தெரியாத குடும்பம்.”

முப்பது வருடம் கூடக் குடித்தனம் நடத்தி, மூன்று பிள்ளைகளும் பெற்ற மனுசனின் வாய். அந்த மிச்சத்தை என் வீட்டுக் கழுவுதொட்டியில் ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. என்னிடம் வெண்டிக்காய் இல்லை. வெந்தயம் இருந்தது, ஆனால் ஊற நேரமில்லை. வெறுங்கையோடு குளத்துக்குப் போனோம்.  

இருநூறு மீட்டரை அவர் எப்படியோ முடித்தார். இரண்டாம் நீளத்திலேயே கண்ணாடி பால்போல் வெளுத்துவிட்டது. தலையைத் தண்ணீருக்கு மேலே ஒரு வாத்துப்போல் தூக்கிக்கொண்டு, கயிற்றில் இடித்து, சுவரில் முட்டி, நான் கரையில் கூடவே நடந்து “வலப்பக்கம் அக்கா, வலப்பக்கம்” என்று சொல்லச் சொல்ல முடித்தார். நான் அதற்கு முன்பே பாதியில் மூச்சுவாங்கித் தோற்றிருந்தேன். எனக்கு அதில் இழக்க ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு பொம்மை. இங்கெர் அதை ஆழமான பக்கத்தில் போட்டாள். அக்கா முங்கினார். வெறுங்கையோடு வந்தார்.

“ஒண்டும் தெரியேல்லை. வெள்ளை. முழுக்க வெள்ளை.”

கண்ணாடி இல்லாமல் முங்கச் சொன்னாள் இங்கெர். அக்கா முங்கினார், கண்ணைத் திறக்கப் பயந்து சுவரைத் தடவிவிட்டு வந்தார். இன்னும் ஒரே ஒரு தடவை விடலாம், அதற்குமேல் என்றால் அடுத்த பருவத்தில்தான் தேர்வு என்று இங்கெர் மெதுவாகச் சொன்னாள். அவளுக்கும் கவலைதான். பிறகு, அந்த ஒரு சொல்லையும் சொன்னாள். “துப்பு.”

அக்கா கரையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார்.  அடுத்த பருவம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மேலங்கியோடு இன்னும் எத்தனையோ காலைகள்.  அவர் கண்ணாடியைக் கரையிலிருந்து எடுத்து, இரண்டு கையிலும் ஏந்தி, வாய்க்கு நேரே கொண்டுபோனார். நான் வேறு பக்கம் பார்த்தேன். யாராவது மதம் மாறும்போது பக்கத்தில் நின்று உற்றுப் பார்ப்பது மரியாதையில்லை.

ஒரு சத்தமும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அக்கா வாயை அசைத்துக்கொண்டிருந்தார். கன்னத்தை உள்ளே இழுத்தார், நாக்கைப் புரட்டினார்.

“வாயிலை ஈரமில்லையடி” என்றார். “பயத்திலை காஞ்சுபோச்சு. வருகுதில்லை.”

வாழ்க்கை முழுக்கத் துப்பாத மனுசி துப்பத் துணிந்த நேரத்தில் துப்பல் இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று நான் நிற்கையில் அவர் கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

“நீ துப்பு.”

“நானோ?”

“வேறை ஆர் நிக்கினம் இஞ்சை? கெதியா.”

நான் குந்தியிருந்து வாங்கினேன். முதல் பக்கத்துக்குத் துப்பினேன், மற்றப் பக்கத்துக்குத் துப்பினேன். வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையாக நான் வேறெங்கும் துப்பியதில்லை. காலையில் பல் விளக்கியது ஞாபகம் வந்து ஆறுதலாக இருந்தது. விரலால் தடவி, குளத்தில் ஒரு தடவை அலசி நீட்டினேன். அக்கா கண்களை இறுக மூடிக்கொண்டார், பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் மூடுவதுபோலவே. மூடியபடியே கண்ணாடியைப் போட்டு, பட்டியைச் சரிசெய்தார். பிறகு திறந்தார். அவர் என்னைத்தான் முதலில் பார்த்தார். அந்த இரண்டு வட்டத்துக்குள்ளிருந்த கண்கள் துல்லியமாகத் தெரிந்தன.

மூச்சை இழுத்தார். முங்கினார்.

மேலே வரும்போது முதலில் பொம்மைதான் வந்தது. ரப்பர் பொம்மையின் திறந்த வாயிலிருந்து தண்ணீர் ஊற்றியது. அக்கா அதைக் கையை முழுநீளத்துக்கு நீட்டி, முகத்தை மறுபக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார். இங்கெர் கைதட்டினாள். நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

உடுப்பு மாற்றும் அறையில் அக்கா முகத்தைச் சவுக்காரம் போட்டுக் கழுவினார். கண்ணைக் கழுவினார். புருவம், காது, நெற்றி எல்லாம் கழுவினார். திரும்பக் கழுவினார். நான் வாங்கில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்தக் கழுவலைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. பிறகு நீச்சல் கண்ணாடியை இரண்டு விரலால், வாலைப் பிடித்து எலி தூக்குவதுபோல், பட்டியில் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டார்.

“இனி இது உன்ரை” என்றார்.

“ஏனக்கா? நல்ல கண்ணாடி.”

“நல்லதுதான். ஆனா உன்ரை எச்சில்.” தலையைத் துவாயால் சுற்றிக் கட்டினார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அந்தாளின்ரை வாய் பட்டதை ஊத்திப்போட்டன். உன்னட்டைக் கேட்டன். அந்தாளுக்குச் சொல்லிப்போடாதை.”

வேலை கிடைத்தது. அந்தத் தொலைபேசிக் கதிரையில் அதன்பிறகு பழைய பத்திரிகைகள்தான் அமர்ந்தன. அக்கா திருந்தினார் என்று நினைக்கவேண்டாம். அந்த வருடமும் என் மகனின் கேக்கில் முதலிலேயே ஒரு துண்டு வெட்டி எடுத்துவைத்தோம். அந்த வருடமும் ஊரிலிருந்து அதே கேள்வியைக் கேட்டார்கள். கணவருக்கு மட்டும் ஒவ்வொரு காலையும் வெண்டிக்காய்த் தண்ணீர் கிடைத்தது. அவர் பேர் எழுதி ஒட்டிய தனிப் போத்தலில், வாய் வைத்துக் குடிக்க அனுமதியோடு. அவர் கடைசிவரை அது தன் உடம்புக்காகத்தான் தொடங்கியது என்று நம்பினார்.

சில வருடத்தில் லில்லெஸ்ட்ரோம் பக்கம் வீடு வாங்கிப் போனார்கள். அங்கேயே அக்கா காலமானார். செத்தவீட்டில் வாய்க்கரிசி போடும்போது நான் பின்னால் நின்றுகொண்டேன். எல்லாருமாக அவர் வாயில் கைவைக்கிறார்கள், ஏன் என்று கேட்க அவருக்கு ஏலாதே என்றுதான் அன்று நினைத்தேன்.

நான் இப்போது நன்றாக நீந்துவேன். ஞாயிறுகளில் அதே குளத்துக்குப் போகிறேன். அக்கா தந்த பழைய கண்ணாடிதான், பட்டியை மட்டும் இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். உள்ளே புகார் படிந்தால் கழற்றித் துப்புகிறேன். என் கண்ணாடி, என் துப்பல், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும், அக்கா நின்ற அந்தக் கரைப்பக்கத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுதான் துப்புகிறேன்.